நூறு டன் பீரங்கியும் இரண்டு கிலோ கழிவும்

குருவிமலைத் தோட்டத்தில் நூறு டன் பீரங்கியைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் கிடையாது. அதை நம்பிய ஆளும் கிடையாது.

சொன்னவர் கணக்கப்பிள்ளை கஜேந்திரன். லுணுகலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஏறினால் வரும் அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில், ஐம்பத்தைந்து பெண்கள் பறிக்கும் கொழுந்தை தினமும் மாலையில் நிறுத்து எழுதுவது அவருடைய வேலை. பதினேழு வருடமாகச் செய்கிறார். நிறுத்து நிறுத்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் எடை கேட்பார். கோயிலுக்குப் புதுமணி வாங்கினால் எத்தனை கிலோ என்பார். யாருக்காவது பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்பார். சொன்ன பிறகும் விடமாட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் எந்தத் தராசில் போட்டார்கள், முள் தராசா, நம்பர் ஓடுகிற தராசா என்று விசாரிப்பார்.

பீரங்கி மேல் ஆசை வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். தோட்டத்தில் எல்லாருமாகச் சேர்ந்து பஸ் பிடித்துத் திருக்கோணேஸ்வரத்துக்குப் போயிருந்தார்கள். கோயில் இருப்பது பழைய கோட்டைக்குள்ளே. மற்றவர்கள் தேங்காய்த் தட்டோடு மேலே ஏற, கஜேந்திரன் வழியில் கிடந்த பழைய பீரங்கி ஒன்றின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ போட்ட பிஸ்கட் உறை கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற காவல்காரரிடம், "இது எடை எத்தனை அந்தர் இருக்கும்?" என்று கேட்டார். காவல்காரர் தெரியாது என்றார். தெரியாது என்ற பதில் கஜேந்திரனுக்கு ஆகாது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் போனில் தேடினார். பஸ் மகியங்கனையைத் தாண்டும்போது அவர் கண்ணில் பட்டதுதான் அந்த நூறு டன் பீரங்கி.

அன்றிலிருந்து ஒரு கொப்பி. கோடு போட்டு நாலு பத்தி பிரித்திருந்தார்: இடம், பீரங்கி, எடை, போகும் வழி. மால்டாவில் ஒன்று, ஜிப்ரால்டரில் ஒன்று, இரண்டும் நூறு டன். அமெரிக்காவில் நியூயோர்க் பக்கத்துப் பூங்காவில் இருபது அங்குல வாய் உள்ள ஒன்று. பின்லாந்தில் கோட்டைத் தீவின் புல்மேட்டில் வரிசையாகச் சில. சீனாவில் கடலைப் பார்த்தபடி ஜெர்மன்காரன் செய்து விற்ற ஒன்று. நோர்வேயில் ஒரு தீவில் மூன்று. மோசே, ஆரோன், யோசுவா என்று வேதக்காரப் பெயர் வைத்தவை. நாற்பது ஐம்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு, பென்சன் எடுக்கிற வயதில் எழுந்து ஜெர்மன்காரனின் புத்தம்புதுப் போர்க்கப்பலை அடித்தவை என்பதால் அந்த வரிக்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு. நாலாவது பத்தியில் எல்லா வழியும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "லுணுகலை – பதுளை பஸ். பதுளை – கொழும்பு ரயில். கட்டுநாயக்க – விமானம்." பாஸ்போட் எடுக்கும் எண்ணம்கூட அவருக்கு இருந்ததில்லை. ஆனாலும் வழி எழுதாமல் ஓர் இடத்தைக் கொப்பியில் ஏற்ற அவருக்கு மனம் வராது.

ஏற்றினால் போதுமா, சொல்லவேண்டாமா? சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம்தான். பெண்கள் பையை இறக்கி வரிசையில் நிற்கும்போது ஆரம்பிப்பார்.

"நம்ம லயத்து வீட்டு மூணு காம்பராவ ஒண்ணு பின்னால ஒண்ணா வச்சா என்னா நீளமோ, அவ்வளவு நீளம். ஒரே இரும்பு. ஒரு குண்டு தொளாயிரம் கிலோ. நம்ம டிவிசன்ல ஒரு நாளைக்குப் பறிக்கிற கொழுந்து பூராவும் சேத்தா ஒரு குண்டு."

"குண்டு வருதோ இல்லையோ, லொறி வருதான்னு பாருங்க. கொழுந்து வாடுது" என்பாள் ஜீவராணி. அவள் கஜேந்திரனின் மனைவி. அவளும் அதே வரிசையில் பையோடு நிற்பவள்தான். மடுவத்தில் அவளுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது.

சலுகை என்ன, எல்லாருக்கும் ஒரே கழிவு. தராசில் இருபது காட்டினால் கஜேந்திரன் பதினெட்டு என்று எழுதுவார். பைக்கும் ஈரத்துக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிக்கவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவர் வருவதற்கு முன்னாலிருந்த கணக்கப்பிள்ளையும் கழித்தார், அதற்கு முன்னாலிருந்தவரும் கழித்தார். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ வந்தால் முழுப்பேர். கொஞ்சம் குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். அதனால் இந்த இரண்டு கிலோவுக்காக மடுவத்தில் ஒரு சத்தமாவது எழாத நாள் இல்லை.

பெரிய சத்தம் பெரியாயியுடையது. ஐம்பத்திரண்டு வயது. கொழுந்து பறிக்கும் வரிசையான நெரையில் முதல் ஆள். அவள் கை கொழுந்தில் விழுவதைப் பார்த்தால் கோழி தானியம் பொறுக்குவது போலிருக்கும். வாயும் அதே வேகம்.

சித்திரைக்குப் பிறகு ஒரு மாலை. தூறல். பெரியாயியின் பையைக் கொக்கியில் மாட்டினார் கஜேந்திரன். இருபத்திரண்டு காட்டியது. இருபது என்று எழுதினார்.

"ரெண்டு எங்க போச்சு?"

"தெனமும் கேக்குறீங்களே பெரியாயி. பைக்கும் தண்ணிக்கும்."

"நேத்து சுள்ளுன்னு வெயிலு. நேத்தும் ரெண்டுதான் போச்சு. அந்தப் பைய ஒரு நாளாவது தனியா மாட்டி நிறுத்துப் பாருங்களேன்!"

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அதை அடக்க கஜேந்திரனிடம் இருந்தது ஒரே மருந்து.

"இருங்க, ஒண்ணு சொல்றேன். ஜிப்ரால்டர்ன்னு ஒரு ஊரு. அங்க ஒரு நூறு டன் பீரங்கி. ஒரு தடவ மேலதிகாரி வந்திருக்கயில சுட்டுக் காட்டச் சொல்லியிருக்காங்க. திரி வெடிச்சுச்சு, மருந்து வெடிக்கல. குண்டு உள்ளயே கெடக்கு. என்னா பண்ணுனாங்க தெரியுமா? இருக்கிறதுலயே ஒல்லியான சிப்பாய் ஒருத்தன, தலகீழா குழாய்க்குள்ள எறக்கிட்டாங்க!"

முணுமுணுப்பு நின்றது.

"மருந்து உள்ள இருக்கயிலயா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"மருந்து உள்ள இருக்கயிலதான்."

"அவன் ஆத்தாளுக்குத் தெரியுமா இது?" என்றாள் பெரியாயி.

அந்தக் கேள்விக்குக் கஜேந்திரனின் கொப்பியில் பத்தி இல்லை. "அவன் குண்டுல கொக்கிய மாட்டிட்டுப் பத்திரமா வெளிய வந்துட்டான்" என்று மட்டும் சொன்னார்.

"கணக்கப்புள்ள, எங்க கொழுந்துல ரெண்டு கிலோ கொறைக்கிறீங்க. கதையில மட்டும் ரெண்டு டன்னு கூட்டிப் போடுறீங்க. மனுசன் நுழையிற பீரங்கியாம்! நூறு டன்னாம்! ரோட்டு உருட்டுற மெசினே பத்து டன்னுங்குறாங்க. அது வந்தாலே பாலம் ஆடுது."

எல்லாரும் சிரித்தார்கள். ஜீவராணி கூட. அதுதான் கஜேந்திரனுக்குச் சுருக்கென்றது. பதினேழு வருடமாக எடை சொல்லும் வாய். இந்த வாய் சொன்ன எடையை ஒருத்தரும் நம்பவில்லை.

"நம்பலல்ல? பந்தயம் கட்டுறீங்களா?"

"என்னா பந்தயம்?"

"நூறு டன் பீரங்கி இருக்குன்னு நான் நிரூபிச்சிட்டா, ஒரு மாசத்துக்கு மடுவத்துல கழிவுன்னு ஒரு வார்த்த பேசக்கூடாது. ஒருத்தரும்."

பெரியாயி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்துநாலு தலையும் அவளைப் பார்த்தன.

"சரி. நீங்க தோத்தா, படங்கு கட்டி, தலையில கயித்தப் போட்டு, ஒரு நாள் முழுக்க எங்ககூட நெரை புடிச்சுக் கொழுந்து எடுக்கணும். நிறுக்கிறது நானு."

படங்கு என்பது செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் தடித்த துணி. கஜேந்திரன் படங்கு கட்டி நிற்கும் கோலத்தை நினைத்து வரிசை முழுக்க ஆரவாரம். அவருக்குக் காது சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

"யாரு போய்ப் பாத்துச் சொல்றது?" என்றாள் ஜீவராணி. "நீங்க காட்டுற படத்த நாங்க நம்ப மாட்டோம். போன்ல இப்பெல்லாம் யானைக்கே றெக்க வச்சிக் காட்டுறாங்க."

அப்போதுதான் கஜேந்திரன் ஒன்றரை வருடமாக அடக்கி வைத்திருந்ததை வெளியே விட்டார். பெரியாயியின் மகள் சுதர்ஷினி இருப்பது மால்டாவில். பதுளையில் நோயாளி பராமரிப்புப் படித்துவிட்டு, அங்கே ஒரு முதியோர் விடுதியில் வேலைக்குப் போனவள். அவள் விமானம் ஏறிய நாளிலிருந்தே கேட்க ஆசைதான். கடல் தாண்டி உழைக்கப் போன பிள்ளையிடம் பீரங்கி பார்த்தாயா என்று கேட்பது மரியாதையாகப்படாமல் விட்டிருந்தார்.

"உங்க மக பாத்துச் சொல்லட்டும். அவ கைய வச்சுச் சொல்லட்டும். அப்ப நம்புவீங்கல்ல?"

பெரியாயி தலைக்கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அவ சொன்னா நம்புறேன்" என்றாள். பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போல, "எப்ப பேசுனாலும் ஒரு வெள்ளச் சொவருதான் பின்னால தெரியுது. நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மாங்குறா. நான் சொவரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ஒரு நாளாவது வெளிய போவட்டும்" என்றாள்.

பந்தயத்தைக் கஜேந்திரன் கொழுந்து எடை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதாமல் அவருக்கு எதுவும் நடந்ததாக ஆகாது. "மால்டா நாட்டில் உள்ள பீரங்கியின் எடை நூறு டன் என நிரூபிக்கப்படின்…" என்று தொடங்கி, தேதி, பிரிவு, இரு தரப்புக் கையெழுத்து, சாட்சி ஜீவராணி. ஞாயிற்றுக்கிழமை லுணுகலை பஜாரில் ஹுமைத் நானாவின் கடைக்கு அதைக் கொண்டுபோனார். போன் ரீலோட், போட்டோ கொப்பி, லெமினேட்டிங் எல்லாம் அங்கேதான்.

ஹுமைத் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, இத லெமினேட் பண்ணினா புறகு ஒரு எழுத்தும் மாத்த ஏலாது. நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன நானா இருக்கு? பேரே நூறு டன் பீரங்கி."

"எனக்கும் பேர் ஹுமைத் என்டுதான். கடை போர்ட்டுல உமைத் என்டு எழுதி இருக்கான் பெயின்டர். பேருல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஹுமைத் அதை மெசினுக்குள் விட்டார். சூடாக, பளபளவென்று வெளியே வந்தது.

சுதர்ஷினி சம்மதித்தாள். பீரங்கி இருக்கும் கோட்டையைத் திறக்கும் நாளும் அவளுடைய லீவு நாளும் ஒத்துவர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கஜேந்திரன் அவளுக்கு ஒன்பது கேள்விகள் எழுதி, படம் எடுத்து அனுப்பினார். தட்டினால் என்ன சத்தம் வருகிறது? இரு கையாலும் கட்டிப்பிடித்தால் எவ்வளவு எட்டுகிறது? வெயிலில் தொட்டால் எவ்வளவு நேரம் கை வைக்க முடிகிறது? இப்படிப் போய், எட்டாவதாக, அங்கே உள்ளவர்களிடம் எடையைக் கேட்டு உறுதி செய்யவும். ஒன்பதாவதுதான் அவரை ஆறு வருடமாகத் தூங்கவிடாத கேள்வி: அதை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

"மாமா, பரீட்ச பேப்பர் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கும் முகங்கள் நாலு.

குறித்த நாள் ஒரு புதன்கிழமை. மாலை நாலரை நிறுவை நேரம். மால்டாவில் அப்போது மதியம் ஒரு மணி. மடுவத்தில் சிக்னல் கிடையாது. மேற்பிரிவு முழுக்கச் சிக்னல் பிடிக்கும் ஒரே இடம் முனியாண்டி கோயில் வளைவு. ஆகவே அன்று மடுவமே வளைவுக்கு இடம் பெயர்ந்தது. மூன்று கம்பைச் சேர்த்துக் கட்டி, தராசை அதில் தொங்கவிட்டார்கள். பெண்கள் பையை இறக்கிப் போட்டுவிட்டுக் கோயில் படியிலும் மதகிலும் ஏறி நின்றார்கள். தகவல் கேள்விப்பட்டு லயத்து வீடுகளில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தி வடை கொண்டு வந்திருந்தாள். கஜேந்திரன் கொப்பியோடும் இரண்டு பேனாவோடும், பெரியாயி லெமினேட் துண்டோடும் நின்றார்கள்.

போன் அடித்தது. பெரியாயி விரலால் இழுத்தாள். முதலில் காற்று. 'ஹூ'வென்று காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு படம் வந்தது.

வெள்ளைச் சுவர் இல்லை. நீலம்தான். வானம் ஒரு நீலம், அதன் கீழே கடல் வேறொரு நீலம். நடுவில் தலைமுடி முகமெல்லாம் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் சுதர்ஷினி.

"அம்மா! தெரியுதா? காத்துல நிக்க முடியல!"

பெரியாயி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "தொப்பி போடக்கூடாதா புள்ள? கறுத்துப் போயிட்ட" என்றாள். "சத போட்டிருக்கு. நல்லாத்தான் இருக்க."

"அத விடும்மா. கணக்கப்புள்ள மாமா எங்க? மாமா, இங்க பாருங்க!"

படம் சுழன்றது. கல்சுவர், படி, ஒரு கொடி, பிறகு கறுப்பு. முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. போன் கெட்டுவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். கறுப்பு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. சுதர்ஷினி நடந்து நடந்து பின்னால் போனாள். அப்புறம்தான் அது ஒரு முழு உருவமாகத் தெரிந்தது: அடிப்பக்கம் யானை போலப் பருத்து, முன்பக்கம் சிறுத்து, கடலைப் பார்த்து நீண்ட இரும்பு.

"அடி ஆத்தீ!" என்றது வளைவு முழுக்க ஒரே குரலில்.

கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

"மொதல் கேள்வி!" என்று சுதர்ஷினி கத்தினாள். போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, போய்த் தட்டினாள். "மாமா, சத்தமே வரல! மலையத் தட்டுற மாதிரி இருக்கு. கைதான் வலிக்குது." பிறகு இரு கையையும் விரித்து அதன் அடிப்பக்கத்தோடு ஒட்டி நின்றாள். பெரிய மரத்தில் ஒட்டிய பல்லி மாதிரி இருந்தாள். "கால்வாசிகூட எட்டல! அய்யோ, சுடுது, சுடுது!"

"விட்டுட்டு இங்கிட்டு வா!" என்று பெரியாயி அலறினாள். "அந்த ஓட்டைக்குள்ள எல்லாம் போயிறாத!"

"வாய் அந்தப் பக்கம் மதிலுக்கு வெளிய இருக்கும்மா. போக விட மாட்டாங்க."

"யாரு விட மாட்டாங்க?"

"இந்த ஐயா." படத்துக்குள் ஒரு வயதானவர் வந்தார். அந்தக் காலத்துச் சிப்பாய் உடுப்பு, வெள்ளை மீசை. அவர்தான் அங்கே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவராம். வளைவில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவர் ஒரு சல்யூட் வைத்தார். வளைவிலிருந்து ஐம்பது அறுபது கை பதிலுக்கு எழுந்தன. ஒருத்தி வடையைத் தூக்கிக் காட்டினாள்.

எல்லாக் கேள்விக்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார். சுதர்ஷினி மொழிபெயர்த்தாள். ஒல்லிச் சிப்பாயின் கதைகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கஜேந்திரன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இப்போதே ஒரு மாதத்துக்குக் கழிவுச் சத்தம் ஓய்ந்துவிட்டது.

"எட்டாவது கேள்வி" என்றார். "எடை. சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான். கேட்டு எழுதிக்குவோம்."

சுதர்ஷினி கேட்டாள். மீசைக்காரர் ஏதோ சொன்னார். அவள் மறுபடி கேட்டாள்.

"மாமா, நூறு டன்னுங்கிறது பேரு மட்டும்தானாம். இதோட சரியான எடை நூத்தி ரெண்டு டன்னாம்."

கஜேந்திரனின் பேனா நின்றது.

பெரியாயி லெமினேட் துண்டை மெல்லத் தூக்கினாள். வெயிலில் அது பளபளத்தது.

"ஜீவா, இதுல என்னா எழுதியிருக்கு, வாசி."

ஜீவராணி எழுத்துக் கூட்டுவது போல வாசித்தாள். "பீரங்கியின் எடை… நூறு டன்… என நிரூபிக்கப்படின்."

"பெரியாயி, அது கொஞ்சம் முன்னப்பின்ன, சும்மா ரவுண்டாப் போட்டது…"

"ரவுண்டாவா? எங்க பதினேழே முக்கா கிலோவ எப்பவாவது பதினெட்டுன்னு ரவுண்டாப் போட்டிருக்கீங்களா? அரைப்பேருதானே போட்டீங்க?"

"இது பீரங்கிம்மா! ரெண்டு டன் என்னா பெரிசு?"

"ரெண்டா?" என்றாள் ஜீவராணி. அவள் குரலில் ஏதோ பொங்கி வந்தது. "தராசு காட்டுனது நூத்தி ரெண்டு, எழுதுனது நூறா? ஏய், பீரங்கிக்கும் ரெண்டு கழிவு வெட்டியிருக்கானுங்கடி!"

முனியாண்டி கோயில் மணி தானாக அசைந்திருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. மதகில் நின்றவள் ஒருத்தி கீழே இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று மீசைக்காரர் கேட்டார். சுதர்ஷினி மூச்சு வாங்க விளக்கினாள்: எங்கள் ஊரில் தேயிலை நிறுக்கும்போது, பைக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கழிப்பார்கள். அவர் மீசையைத் தடவியபடி ஒரு நொடி யோசித்தார். பிறகு பீரங்கியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கணக்கப்புள்ள" என்றாள் பெரியாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரே ஒரு வழி இருக்கு. கழிவு வெட்டுனது நியாயம்னா அது நூறு டன்னுதான். நீங்க ஜெயிச்சீங்க. சொல்லுங்க பாப்போம், இரும்புக்குள்ள ஏது தண்ணி?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கடலுக்கு அப்பாலிருந்து சுதர்ஷினியும், அவள் தோளுக்குப் பின்னால் நூற்றி இரண்டு டன் இரும்பும்கூடப் பார்த்தன. கழிவு சரி என்று சொல்லிவிடலாம். வாய் திறந்தால் போதும். ஆனால் அந்த அழகான இரும்பிலிருந்து இரண்டு டன்னைக் கழிக்க அவருக்கு நாக்கு வரவில்லை.

"இல்ல" என்றார் கஜேந்திரன். "தராசு காட்டுறதுதான் எடை. நூத்தி ரெண்டு. நான் தோத்தேன்."

சொல்லும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு. பந்தயத்தில் தோற்ற ஆள் மாதிரியே இல்லை, சீட்டு விழுந்த ஆள் மாதிரி இருந்தார்.

"மாமா, ஒம்பதாவது கேள்வி இருக்கே!" என்று சுதர்ஷினி நினைவூட்டினாள். மீசைக்காரரிடம் கேட்டாள். அவர் தலையைச் சாய்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புத்தகம் எடுத்தார், அதில் எழுதினார். "இத்தன வருசத்துல எத்தன பேரு வந்துட்டாங்களாம். எந்தத் தராசுல நிறுத்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கலையாம். அவருக்கும் தெரியலயாம். தேடிப் பாத்துச் சொல்றேங்குறாரு. நீங்க என்ன வேலன்னு கேட்டாரு, சொன்னேன். அதான் இந்தக் கேள்வின்னாரு."

அடுத்த திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கஜேந்திரன் படங்கு கட்டி நின்றார். கட்டிவிட்டது ஜீவராணி. இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது போல முடிச்சுப் போட்டாள். "கொழுந்தப் புடுங்கணும், செடியப் புடுங்கிறாதீங்க" என்று அறிவுரையும் சொன்னாள். தலையில் கயிறு, முதுகில் பை. நெரையில் பெரியாயிக்கும் ஜீவராணிக்கும் நடுவில் அவரை நிறுத்தினார்கள்.

பதினேழு வருடம் நிறுத்த கொழுந்தை முதல் தடவையாகப் பறித்தார். பத்து மணிக்குள் விரல் நுனி கறுத்தது. கயிறு நெற்றியை இறுக்கியது. முத்தல் இலையைப் போட்டுவிட்டுப் பெரியாயியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அட்டைக்கு ரத்தம் கொடுத்தார். சரிவில் ஒரு தடவை உட்கார்ந்தே இறங்கினார். ஆனாலும் பாடாத குறை. இந்த மலையிலிருந்து பார்த்தால் கீழே பஜார் தெரிகிறது, நோர்வேப் பீரங்கிக்கும் இப்படித்தான் கப்பல் தெரிந்திருக்கும் என்று விளக்கம் வேறு. "வாய்க்குப் பதினெட்டு கிலோ எப்பவோ வந்துருச்சு, கையிக்குத்தான் வரல" என்றாள் பெரியாயி.

மாலை நிறுவைக்கு மடுவத்தில் தராசு பக்கத்தில் நின்றது பெரியாயி. காதில் பேனா. கஜேந்திரன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பையை மாட்டினார்.

முள்ளைப் பார்த்தாள் பெரியாயி. "பதினொண்ணு." கொப்பியில் எழுதினாள். "ஒம்பது."

"ரெண்டு எங்க போச்சு?"

"பைக்கும் தண்ணிக்கும்."

"தண்ணியா? காலையிலயிருந்து ஒரு சொட்டு மழ இல்ல! காஞ்சு போயிக் கெடக்கு! அந்தப் பையத் தனியா மாட்டி நிறுத்துப்…"

அங்கே நின்றுவிட்டார். மடுவத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கஜேந்திரன் பையைக் கொட்டினார். உதறினார். வெறும் பையைத் தானே கொக்கியில் மாட்டினார். முள் துடித்து, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

எந்தத் தராசு, எந்தத் தராசு என்று உலகம் பூராவும் விசாரித்த மனிதர். தன் தராசில் ஒரு வெறும் பையை மாட்டிப் பார்க்க அவருக்குப் பதினேழு வருடமும் ஒரு பீரங்கியும் வேண்டியிருந்தன.

அன்றிரவே தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். தேதி, பொருள், பையின் எடை, பார்த்த சாட்சிகள் எல்லாம் வரிசையாக. பதில் வர எட்டு நாள் ஆனது. தினமும் நிறுவைக்கு முன் வெறும் பையை எல்லார் முன்னிலையிலும் நிறுத்து, அதை மட்டும் கழிக்கலாம், மழை நாளில் மட்டும் இன்னும் அரைக் கிலோ என்று பதில் வந்தது. கஜேந்திரன் அதையும் ஹுமைத் நானாவிடம் கொண்டுபோய் லெமினேட் செய்து மடுவத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

பெரியாயி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு தலையாட்டு. அவ்வளவுதான் அவளிடமிருந்து கிடைக்கும். பிறகு பையை இறக்காமலே, "கணக்கப்புள்ள, அந்தக் கொப்பியக் கொண்டாங்க" என்றாள்.

கொண்டு வந்தார். மால்டா வரியில் நூறு என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே நூற்றி இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டிருந்தார்; கொழுந்துப் பதிவில் திருத்தம் போடும் முறைப்படியே.

"இதுல வேற எங்கெங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்கல்ல? எம்மக நேத்துப் பேசுனா. கடக்கரையில ஒக்காந்துக்கிட்டுப் பேசுறா, அங்க வேல செய்யிற ரெண்டு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு. அடுத்த லீவுக்கு எங்க போலாம்மான்னு கேக்குறா. அந்த வேதக்காரப் பேரு வச்ச மூணு பேரு எங்க இருக்காங்கன்னீங்க?"

"நோர்வேயில."

"அங்க மால்டாவுலயிருந்து எந்த பஸ்சுல போவணும்?"

பஸ் இல்லை, விமானம்தான், அப்புறம் படகு என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கொழுந்து மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியில் கொப்பியை விரித்து, போகும் வழி என்ற பத்தியில் புதிதாக ஒரு வரியைத் தொடங்கினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, அந்த வரி லுணுகலையிலிருந்து தொடங்கவில்லை.